நாவலர் பெருமானின் வைகறைப் பொழுது

மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே சங்கும் சேமக்கலமும் முழங்க இளைஞர்கள் விடியுமுன் வீதி சுற்றி வருவதை வன்னியில் அறியாதார் இலர். முதல் நாள் கூட்டம் பெரிது. நாலாம் நாள் ஐந்தாம் நாள் ஆகும்போது சங்கு ஊதத் தெரிந்தவரே வராமற் போவதும் உண்டு. அவர் படலையடியில் நின்று நாம் சேமக்கலத்தை அடிக்க, அயல்வீட்டு நாய்கள் மாத்திரம் எழுந்து மறுமொழி தந்த அனுபவம் எமக்குண்டு. பத்து நாளைக்கே எமது நிலை இதுவாயின், வைகறை நியமத்தைச் சைவப் பிள்ளைகளுக்கு விதியாக எழுதிவைத்த ஆறுமுக நாவலர் அவர்களின் சரிதத்தை ஒருமுறை இந்தக் கண்கொண்டு பார்ப்பது எமக்கு நல்லதே.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலே தந்தையை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழும், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்றார். பின்னர் அப்பாடசாலையிலேயே ஆசிரியரானார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவினார். இவையெல்லாம் எமது பாடப்புத்தகங்களிலே உள்ளவை; விரிக்க வேண்டுவதில்லை.

நாம் நின்று பார்க்க வேண்டியது 1840களின் நடுப்பகுதியை. அக்காலத்தில் அவர் இருபது வயது கடந்த ஒரு சம்பளக்காரர். பகற்பொழுது முழுவதும் பாடசாலைக்குரியது. எஞ்சியதில் மொழிபெயர்ப்பு வேலை ஒரு பங்கு கொள்ளும். அவருக்கென்று மிஞ்சியவை விடியற்புறமும் இராப்பொழுதுமே. அந்த இரண்டையும் அவர் வீணாக்கினாரல்லர். காலையிலும் இரவிலும் தம்மைத் தேடி வந்த பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமற் பாடஞ் சொன்னார். தாமும் வடமொழியையும் சைவ நூல்களையும் கற்றார். பின்னாளில் அவருடைய பாடசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் தாங்கி நின்ற சதாசிவப்பிள்ளை போன்றோர் இவ்வாறு பயின்ற மாணாக்கரே.

அக்காலத்துச் சைவர்களிடம் பணமும் இருந்தது, ஆட்களும் இருந்தனர். ஆனால் ஒரு பாடசாலையைக் கட்டி நடத்தக்கூடிய கட்டுப்பாடு இருக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு, பிறருடைய வேலை தொடங்குமுன் உள்ள நேரத்தில், ஒரு சிறு கூட்டத்துள்ளே, ஆரவாரமின்றி உருவாயிற்று. 1847 டிசம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் பிரசங்கத்தைத் தொடங்கியபோது ஊரார் ஏதோ புதிது என்று பார்த்தனர். புதிது பிரசங்கம் மட்டுமே. அதற்கு வேண்டிய உழைப்பு பழையது. அடுத்த ஆண்டு, பேர்சிவல் பாதிரியார் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்லியும் கேளாது, அவர் வேலையை விட்டார். வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்து அதை நடத்தினர் என்பதை எமது சங்கத்துப் பொருளாளர் கவனிப்பாராக!

இனி அவர் விதித்த நியமத்துக்கு வருவோம். சைவ வினாவிடையிலே, சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு முன் நித்திரை விட்டெழ வேண்டும் என்று அவர் வைத்தார். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஐந்து நாழிகை இரண்டு மணித்தியாலம். கிளிநொச்சிப் பக்கத்தில் வைகாசி ஆனியிலே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னும், தை மாதத்தில் ஏறக்குறைய ஆறரைக்கும் உதிக்கும். ஆகவே நாவலர் கணக்கில் எமக்கு எழும் நேரம் நாலுக்குச் சற்று முன்தொட்டு நாலரை வரையாம். இது சந்நியாசிகளுக்குரிய நேரம் என்று சிலர் முகஞ் சுளிப்பர். குளத்துத் தண்ணீர் முறைக்குக் காத்திருக்கும் கமக்காரரையும், யானைக்குப் பயந்து காவற்கொட்டிலில் இரவைக் கழிப்பவரையும் கேட்டுப் பார்த்தால் நாலு மணி எவ்வளவு சாதாரணமானது என்பது விளங்கும்.

எழுந்த பின் என்ன செய்வது என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. விபூதி தரித்துச் சிவபெருமானைத் தியானித்தல், சுத்தி செய்தல், ஸ்நானம், அனுட்டானம் என்று ஒழுங்கு உண்டு. எழுந்து கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு பாயிலே கிடப்பது எழுதலாகாது. அதைவிட உறங்குவது மேல் என்பது எம் அபிப்பிராயம். இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருப்பவர் நாலு மணிக்கு எழுவேன் என்று சபதம் செய்வதும் வீண். வைகறை முதல்நாள் இரவிலேயே தொடங்குகிறது.

நாவலர் வாழ்ந்தது ஐம்பத்தேழு வருடம் நிறையாத ஆயுள். அதற்குள் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். அப்பிரயாணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. 1852இல் பெரியபுராண வசனம், 1861இல் திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்பு, 1864இல் சிதம்பரத்திலே ஒரு வித்தியாசாலை, இடையிடையே பாலபாடங்கள், இலக்கணங்கள். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றினார். விவாகமும் செய்யவில்லை, தமக்கெனப் பொருளும் தேடவில்லை.

அவர் கொண்டவை யாவும் எமக்கும் உடன்பாடு என்று சொல்ல வரவில்லை. சாதி ஆசாரத்தில் அவர் காட்டிய கடுமையை இன்று எமது சங்கம் ஏற்காது. எமது கோயிற் கதவும் அங்கத்தவர் இடாப்பும் எல்லார்க்கும் திறந்தவை. பெரியாரிடத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொள்வதும் மாணாக்கர் கடமையே.

1879 டிசம்பர் 5ஆம் திகதி அவர் சிவபதமடைந்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கார்த்திகை மகத்திலே அவருடைய குருபூசை வரும். அது கழிந்து சில வாரங்களில் திருவெம்பாவை. இம்முறை சங்கு ஊத இருவரை ஆயத்தஞ் செய்து வைத்துள்ளோம். நாலு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்.