ஏரிச் சேற்றில் தொடங்கிய அமைச்சகம்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எவ்வாறு பிறந்தது என்று தலைநகரின் அரசியல் வட்டாரங்களில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பிரதமர் இந்திரா காந்தி உரையாற்றினார். அந்த உரையிலிருந்தே எல்லாம் தொடங்கின என்பார்கள். ஆனால் தேதிகள் வேறு கதை சொல்கின்றன. சுற்றுச்சூழல் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புக்கான தேசியக் குழு அதே ஆண்டு பிப்ரவரியிலேயே, மாநாட்டுக்கு நான்கு மாதங்கள் முன்னதாகவே, அமைக்கப்பட்டுவிட்டது. மாநாட்டுக்கான ஆயத்தம் அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், காசியில் தாவரவியல் கற்பித்த ஒரு பேராசிரியரின் விடாமுயற்சி. அவர் ராம்தேவ் மிஸ்ரா.

இந்தியச் சூழலியலின் தந்தை என்று அறியப்படும் மிஸ்ரா, 1908-ம் ஆண்டு ஆகஸ்ட் 26-ல் பிறந்தார். மத்திய அரசின் பிளஸ் டூ உயிரியல் பாடநூலில் சூழலியல் பகுதியின் முகப்பிலேயே அவரது படமும் வாழ்க்கைக் குறிப்பும் இடம்பெற்றதால், அறிவியல் படித்த பல லட்சம் மாணவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. அவர் எதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார் என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. (அந்தப் பகுதியில் இருந்த சுற்றுச்சூழல் பிரச்சினைகள் பற்றிய அத்தியாயம் 2022-ல் பாடச்சுமைக் குறைப்பின் பெயரால் நீக்கப்பட்டது தனிக்கதை.)

மிஸ்ராவின் ஆய்வுப் பொருள் ஏரிச் சேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பியர்சாலின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1937-ல் அவர் பட்டம் பெற்றார். வடமேற்கு இங்கிலாந்தின் மலை ஏரிகளில் நீர்த்தாவரங்கள் எங்கெங்கு வளர்கின்றன, ஏன் அங்கு மட்டும் வளர்கின்றன என்பதே கேள்வி. நீரின் ஆழமும் ஒளியும் தாவரங்களை வரிசைப்படுத்துகின்றன என்பது பார்த்தவுடன் தோன்றும் விடை. அது முழு விடையன்று என்பதையே 1938-ல் வெளியான அவரது கட்டுரை விரிவாகக் காட்டியது. ஒரே ஆழத்தில், ஒரே ஒளியில் உள்ள இரு இடங்களில் வெவ்வேறு தாவரங்கள் நிற்கலாம். அடியிலுள்ள சேறு வேறாக இருப்பதே அதற்குக் காரணம்.

நீரில் மூழ்கிய மண்ணில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அந்த நிலையில் இரும்பும் மாங்கனீசும் வேறு வடிவம் எடுத்து நீரில் கரையத் தொடங்குகின்றன. அளவு மிகுந்தால் வேர்களுக்கு நஞ்சாகவும் மாறக்கூடும். நீர்த்தாவரங்கள் தண்டின் உள்ளே உள்ள காற்றறைகள் வழியாக வேர்களுக்கு ஆக்சிஜன் அனுப்பிப் பிழைக்கின்றன. ஓடைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் புதிதாகப் படியும் இடம் ஒருவகைத் தாவரத்துக்கு உகந்தது. இலையும் தண்டும் மக்கிப் படிந்த கரிய சேறு மற்றொரு வகைக்கு உகந்தது. சேறு சேரச் சேர, அதில் வளரும் தாவரமும் மாறுகிறது. அந்தத் தாவரம் மடிந்து சேற்றையே மாற்றுகிறது. இவ்வாறு ஏரி தன்னைத்தானே மெல்ல நிலமாக்கிக் கொள்ளும் வழியைத்தான் பியர்சாலும் அவரது மாணவரும் படித்தார்கள். படகில் சென்று அடிமண்ணை அள்ளி, ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கும் வேலை. புகழ் தரும் வேலை அன்று.

நாடு திரும்பியவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்கு வேர் ஊன்றினார். இங்கே நிலைமை வேறு. இங்கிலாந்து ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கங்கைச் சமவெளியின் குளம் ஆவணியில் கரை தொட்டு நிற்கும். சித்திரையில் வெடித்த மண்ணாகக் கிடக்கும். வேலம்பாசியும் தாமரையும் இருந்த இடத்தில் சில மாதங்களில் கோரையும் புல்லும் நிற்கும். அதில் எருமைகள் மேயும். லீட்ஸில் கற்ற விதிகளை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. தாழ்நிலங்களின் சூழலியல் குறித்த மிஸ்ராவின் ஆய்வுக் கட்டுரை 1946-ல் வெளியானது. மழைக்கால வெள்ளமும் கோடை வறட்சியும் மாறி மாறி ஆளும் நிலத்தை அதன் போக்கிலேயே படிக்க வேண்டும் என்ற வழியை இந்தியத் தாவரவியலாளர்களுக்குத் திறந்துவிட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

1946-ல்தான் மத்திய இந்தியாவின் சாகர் நகரில் சர் ஹரி சிங் கௌர் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். மத்திய சட்டப்பேரவையிலும் பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் அவர். வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தவர். அரசியல்வாதிகள் கல்வி நிறுவனம் தொடங்கும் முறை பிற்காலத்தில் எப்படி மாறியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் புதிய பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்கு மிஸ்ரா தலைமையேற்றார். 1950-களின் நடுப்பகுதியில் மீண்டும் காசிக்குத் திரும்பி அங்கும் துறைத் தலைவரானார்.

காசியில் அவர் உருவாக்கியது ஒரு துறையை மட்டுமன்று. நாட்டிலேயே முதன்முதலாகச் சூழலியலுக்கென முதுநிலைப் பாடத்திட்டம் வகுத்தவர் அவரே. அவரிடம் 50-க்கும் மேற்பட்டோர் டாக்டர் பட்டம் பெற்றனர். பல பல்கலைக்கழகங்களுக்குச் சென்று அங்கே சூழலியலைத் தொடங்கி வைத்தனர். 1968-ல் வெளிவந்த அவரது செய்முறைக் கையேடு, ஒரு புல்வெளியை எப்படி அளப்பது, மண்ணை எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொடுத்தது. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரிகளில் அது கைகொடுத்தது. வெப்பமண்டலச் சூழலியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தையும் அதன் ஆய்விதழையும் காசியிலிருந்தே நிலைநிறுத்தினார்.

ஆய்வு ஏரிகளிலிருந்து காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் விரிந்தது. ஆனால் கேள்வி பழையதுதான்: ஒரு நிலம் எவ்வளவு விளைவிக்கிறது, அதன் சத்து எங்கே போய் எப்படித் திரும்புகிறது? இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஐந்தாண்டுத் திட்டங்களில் அணையும் ஆலையும் எழுதப்பட்டு வந்த காலம் அது. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு அரசுக்குள் ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனே 1972-ம் ஆண்டுக் குழு எனச் சூழலியல் வட்டாரத்தில் கருதப்படுகிறது. திட்டக் குழு உறுப்பினராக இருந்த பீதாம்பர் பந்த் அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே அவர் காலமானது குழுவுக்குப் பேரிழப்பு.

பின்னர் நடந்தவை நாடாளுமன்ற ஆவணங்களில் உள்ளன. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தத்தின் வழியாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அரசியல் சாசனத்தில் நுழைந்தது. 1980-ல் என்.டி. திவாரி குழுவின் பரிந்துரைப்படி தனித்துறை. 1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் முழு அமைச்சகம். மிஸ்ராவுக்கு இந்திய தேசிய அறிவியல் அகாதெமியின் ஃபெல்லோ என்ற தகுதியும், சுற்றுச்சூழலுக்கான சஞ்சய் காந்தி விருதும் கிடைத்தன. நெருக்கடி நிலை நாட்களோடு பெயர் பிணைந்துவிட்ட ஒருவரின் நினைவில், புல்லையும் சேற்றையும் ஆராய்ந்தவருக்கு விருது. தில்லி அரசியலில் இதுபோன்ற பொருத்தங்கள் அபூர்வமல்ல.

குழு கேட்ட மிஸ்ராவுக்குக் குழு கிடைத்தது. அவர் ஆராய்ந்த சேற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மணிப்பூரின் லோக்டக் ஏரியே அதற்குச் சான்று. அங்கே பும்டி எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகள் உண்டு. வேரும் மக்கிய தழையும் மண்ணும் பின்னிய மெத்தை போன்றவை. வறண்ட காலத்தில் ஏரி நீர் வடியும்போது இவை தரையில் அமர்ந்து, வேர்கள் சேற்றிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் மீண்டும் மிதக்கும். சங்காய் என்னும் அரிய மான் இனம் வாழ்வது இந்த மெத்தையின் மீதுதான். 1975 கணக்கெடுப்பில் 14 மான்களே எஞ்சியிருந்தன. 1977-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1983-ல், 105 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. ஏரியில் ஆண்டு முழுவதும் நீர் உயர்ந்தே நிறுத்தப்பட்டது. வேர்கள் சேற்றைத் தொட முடியவில்லை, திட்டுகள் மெலிந்தன. மானைத் தாங்க வேண்டிய தரை கால் வைத்தால் அமிழ்ந்தது.

பூங்காவை அறிவித்ததும் அரசு. அணையைக் கட்டியதும் அரசு. நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் பரிசீலிக்கும் வழக்கம் 1970-களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டாலும், அது சட்டப்படி கட்டாயமானது 1994-ல்தான். அதற்கு ஓராண்டு முன்பு, 1993-ல், சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான பன்னாட்டுப் பட்டியலில் லோக்டக் சேர்க்கப்பட்டது. அப்போது மிஸ்ராவுக்கு வயது 84.

ராஜஸ்தானின் பரத்பூரில் தவறு எதிர்த்திசையில் நடந்தது. பறவைகளைக் காப்பதாகக் கூறி 1982-ல் சரணாலயத்துக்குள் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வில் தெரியவந்தது என்ன? மேய்ச்சல் நின்றதால் புல் மிகுந்து நீர்ப்பரப்பை அடைத்தது. பல நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. எருமை, புல், நீர் மூன்றின் கணக்கையும் பார்த்துவிட்டுத் தடை விதித்திருக்கலாம்.

மிஸ்ரா 1998-ல் காலமானார். ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இந்தியா அறிவித்த ஈரநிலங்கள் 2024 ஆகஸ்டில் 85 ஆயின. அவற்றில் தமிழகத்தின் பங்கு 18, மாநிலங்களிலேயே அதிகம். ஆயினும் ஈரநிலங்களுக்கான 2010, 2017-ம் ஆண்டு விதிகள் இரண்டும், 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு வெளியிட்டவையே. 2017 விதிகளின்படி நெல்வயல்களும், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளும் ஈரநிலம் என்ற வரையறைக்குள் வாரா. எஞ்சியவற்றின் பொறுப்பு மாநில ஆணையங்களிடம் உள்ளது. அவற்றின் தலைவர் துறை அமைச்சர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அரசுச் செயலாளர்கள், இயக்குநர்கள். ஈரநிலச் சூழலியல் அறிந்தவருக்கு அந்த மேசையில் ஓர் இருக்கை உண்டு.