செம்பை: அது பாடகர் பெயரல்ல, ஊர் பெயர்

மியூசிக் ஆப்பில் 'செம்பை' என்று தேடியிருக்கிறீர்களா? அது பாலக்காடு மாவட்டம் கோட்டாயி பக்கத்துக் கிராமம். 1896-ல் பிறந்த வைத்தியநாதன், சின்ன வயசில் சகோதரர் சுப்ரமணியனோடு சேர்ந்துதான் மேடையேறினார். பிறகு ஊர் பெயரே அவர் பெயராச்சு.

1930-களில் தனியாகப் பாடி கிராமபோன் தட்டுகள் கொடுத்தார். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷம்தான் இடம். மணிக்கணக்கில் பாடுபவர் ஆலாபனையையும் ஸ்வரத்தையும் சுருக்க வேண்டியிருந்தது.

1951-ல் சங்கீத கலாநிதி, பிறகு யேசுதாஸின் குரு, 1974-ல் மறைந்தார். இன்று நீங்கள் அதிகம் கேட்பது அவருடைய முதுமைக் காலக் கச்சேரிகளை. நாற்பதை ஒட்டிய வயதின் குரல் வேணும்னா, அந்த 3 நிமிஷத் தட்டுகளைத்தான் தேடணும்.