துயரறிந்த லிங்கன்

மரக்குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகையில் குடியேறிய மாமனிதர் யார் என்று வினவினால், நம் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தங்கைகூட ஆபிரகாம் லிங்கன் என்று சட்டெனக் கூறிவிடுவாள். கோடரியால் மரம் பிளந்தவர், கணப்பின் ஒளியில் நூல் பயின்றவர், அடிமை விலங்கை ஒடித்தவர் என்றெல்லாம் மேடையில் முழங்கி நானும் ஒருமுறை பரிசு பெற்றிருக்கிறேன். ஆனால் அன்புத் தோழியரே! செய்ய வேண்டிய அலுவலுக்குச் செல்லவும் வலுவின்றிச் சுருண்டு கிடந்த லிங்கன் ஒருவர் உண்டு. உயிரோடிருப்பவர்களிலேயே தம்மைவிடத் துன்பமுற்றவர் எவருமில்லை என்று எழுதியவர் அவர். அந்த லிங்கனை நான் அண்மையில்தான் அறிந்தேன். பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தாயை இழந்தார். நச்சுச் செடியை மேய்ந்த பசுவின் பாலால் வரும் நோய் அந்தத் தாயைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு வந்த சிற்றன்னை சாரா அவரைப் பெற்ற பிள்ளைபோல் பேணினார் என்பது ஆறுதல். ஆயினும் 1828இல் அவருடைய ஒரே அக்காள் பிரசவத்தில் மாண்டார். இல்லினாய் மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்தபோது, அவர் அன்பு வைத்திருந்த ஆன் ரட்லெட்ஜ் என்னும் பெண் 1835 ஆகஸ்டில் காய்ச்சலால் இறந்தார். அப்பெண்ணின் கல்லறைமேல் மழை பெய்வதை நினைத்தாலே லிங்கனால் தாங்க முடியவில்லை என்று அவ்வூரார் பின்னாளில் நினைவு கூர்ந்தனர். அவர் தமக்கே தீங்கு செய்துகொள்வாரோ என்றஞ்சி அவர்கள் அவரைக் கண்காணித்தனர். பவ்லிங் கிரீன் என்னும் முதியவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டிலேயே சில நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

1837 ஏப்ரலில் வழக்கறிஞர் தொழில் செய்வதற்காக லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்தார். வந்தது இரவல் குதிரையில். உடைமை இரண்டு பைகள் மட்டுமே. ஒரு கடைக்குள் சென்று கட்டிலும் மெத்தையும் என்ன விலை என்று கேட்டார். 17 டாலர் என்றார் கடைக்காரர். அவ்வளவு பணம் தம்மிடம் இல்லை, கிறிஸ்துமஸ் வரை கடன் தர இயலுமா என்று வினவிய லிங்கனின் முகத்தை அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை சோகமான முகத்தை அதற்குமுன் அவர் கண்டதேயில்லையாம்! மாடியில் பெரிய கட்டில் இருக்கிறது, அதில் பாதியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். லிங்கன் படியேறிப் பைகளை வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு இறங்கி வந்து, குடிவந்து விட்டதாக அறிவித்தார். அந்தக் கடைக்காரர்தாம் ஜோஷுவா ஸ்பீட். இக்கட்டுரை லிங்கனைப் பற்றியது எனினும் பாதி இவரைப் பற்றியதே.

மூன்றாண்டுகளுக்குமேல் நண்பர்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். லிங்கன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். பேச்சிலும் நகைச்சுவையிலும் வல்லவர். ஆனால் 1840இன் இறுதியில் எல்லாம் ஒருங்கே இடிந்து விழுந்தன. சாலை, கால்வாய், இரயில் பாதைகள் அமைக்க அவர் முன்னின்று ஆதரித்த பெருந்திட்டம் பொருளாதார வீழ்ச்சியில் தோற்று, மாநிலம் கடனுக்கு வட்டி கட்டவும் இயலாமல் தவித்தது. மேரி டாட் என்னும் பெண்ணோடு நிச்சயித்திருந்த திருமணம் முறிந்தது. தந்தையை இழந்திருந்த ஸ்பீட், கடையைக் கைமாற்றிவிட்டுத் தாயிடம் கென்டக்கிக்குத் திரும்ப ஆயத்தமானார். 1841 ஜனவரி முதல் நாளைக் கொடிய நாள் என்றே லிங்கன் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

அந்த ஜனவரி மாத நடுவில் அவர் பல நாள்கள் சட்டமன்றத்துக்கே போகவில்லை. சோம்பலால் அன்று; எழ முடியவில்லை. உடல் மெலிந்து, குரல் இறங்கி, பேசவும் வலுவற்றவராக இருந்தார். ஆபத்தான பொருள்களை அவருடைய அறையிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது என்று ஸ்பீட் பிற்காலத்தில் கூறினார். ஜனவரி 23ஆம் நாள் தம் பங்காளி வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தில், தம் மனத்திலுள்ள துயரை உலகிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் பங்கிட்டால் மகிழ்ச்சியான முகம் ஒன்றுகூட மிஞ்சாது என்ற கருத்தில் எழுதினார். குணமடைவோமா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

தைரியத்துக்குப் பெயர்போன லிங்கனுக்கா இந்த நிலை? இதை வாசித்தபோது, சென்ற ஆண்டு என் அம்மாச்சி இறந்தபின் நான் கிடந்த கிடப்பு நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் தலை சீவவும் எனக்குத் தோன்றவில்லை. தைரியமாயிரு, பாடத்தைப் படி, நன்றாக ஜெபி என்று எல்லாரும் அன்போடுதான் சொன்னார்கள். சொல்லச் சொல்ல, இதுகூட முடியாதவளாகிவிட்டேனே என்ற வெட்கமே மிகுந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. மாலைதோறும் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய பாடக்குறிப்பை என் நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவாள். ஸ்பீட் என்பவரை எனக்கு உடனே பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

நிலைமை மோசமான அந்நாள்களில் ஸ்பீட் நண்பரிடம், தேறாவிட்டால் இறந்துபோவாய் என்று வெளிப்படையாகவே சொன்னார். லிங்கனின் விடை வியப்புக்குரியது. தாம் சாக அஞ்சவில்லை. ஆனால் தாம் வாழ்ந்ததை எந்த மனிதனும் நினைவில் வைக்கும்படியாக இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்றார். அந்த ஓர் ஆசைதான் அன்று அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்து கிடையாது. பாதரசம் கலந்த நீல மாத்திரைகளை லிங்கன் உட்கொண்டதுண்டு. அவை தம்மைச் சிடுசிடுப்புள்ளவராக்குகின்றன என்று கண்டு, ஜனாதிபதியான சில மாதங்களில் நிறுத்திவிட்டார். இன்று நாம் பாக்கியசாலிகள். மனச்சோர்வை நோய் என்றே கூறி, மருந்தாலும் ஆலோசனையாலும் மருத்துவர்கள் குணமாக்குகிறார்கள். ஆகவே வாரக்கணக்கில் இப்படி இருப்பவள் வீட்டிலோ ஆசிரியையிடமோ வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். லிங்கனும் மறைக்கவில்லையே!

1841 ஆகஸ்டில் லிங்கன் ஸ்பீடின் இல்லத்துக்கு விருந்தாளியாகச் சென்றார். லூயிவில் நகருக்கு அருகே ஃபார்மிங்டன் என்னும் பண்ணை அது. சில வாரங்கள் நண்பரோடு நடந்து திரிந்து, அக்குடும்பத்தாரோடு பேசிச் சிரித்துத் தேறினார். ஸ்பீடின் தாயார் லூசி அம்மையார் அவருக்கு ஒரு விவிலியத்தைப் பரிசளித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, ஜனாதிபதி லிங்கன் அதை மறவாது தம் புகைப்படம் ஒன்றில் கையெழுத்திட்டு அத்தாய்க்கு அனுப்பினார்.

இங்கே ஒன்றை மறைப்பது முறையன்று. அந்த அழகிய பண்ணையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்தனர். லிங்கன் தேறிய நிழல் அவர்களுடைய வியர்வையில் வளர்ந்தது. திரும்பும் வழியில், நீராவிப் படகில், பன்னிரண்டு அடிமைகள் தூண்டிற்கயிற்றில் கோத்த மீன்களைப்போல் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். அவர்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரிந்து தெற்கே கொண்டுபோகப்பட்டவர்கள். அப்போது அவர் அதைப் பெரிதாக எதிர்த்துச் சொல்லவில்லை. 1855இல் ஸ்பீடுக்கு எழுதியபோதோ, அக்காட்சி தமக்கு ஓயாத வேதனை என்றார். அடிமை முறையைப் பற்றி நண்பர் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை.

இனிதான் கதை தலைகீழாகிறது! ஃபேனி ஹென்னிங் என்னும் பெண்ணை மணக்கவிருந்த ஸ்பீட் தாமே மனக்கலக்கத்தில் வீழ்ந்தார். 1842 ஜனவரியில் அவர் ஊருக்குப் புறப்படுகையில், வழியில் படிக்கும்படி லிங்கன் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். வரும் நாள்களில் உனக்கு மனம் சோரும். பயணத்தில் கெட்ட வானிலை, வேலையும் நண்பர்களும் அருகில் இன்மை, திருமண நாள் நெருங்குதல் ஆகியவையே காரணம். ஆகவே உன் அன்பில் குறையென்று எண்ணிவிடாதே என்பது அதன் சாரம். மனம் சரியில்லாதபோது சும்மா இராதே என்றும் பின்னொரு கடிதத்தில் எழுதினார். பட்டவர் அல்லவா? வைத்தியரைப்போல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்! பிப்ரவரி 15ஆம் நாள் ஸ்பீடுக்குத் திருமணம் நடந்தது. அதன்பின் வந்த முதல் கடிதத்தை நடுக்கத்தோடு பிரித்த லிங்கனுக்கு, நல்ல செய்தியைப் படித்தும் பத்து மணி நேரம் வரை பதற்றம் தணியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவரும் மேரி டாடை மணந்தார்.

சோகம் அவரை விட்டு அடியோடு போய்விடவில்லை. எட்வர்ட் என்னும் மகன் 1850இல் மூன்று வயதில் இறந்தான். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 பிப்ரவரியில், பதினோரு வயது வில்லி வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் மறைந்தான். லிங்கன் நகைச்சுவைப் புத்தகங்களைப் படித்துச் சிரிப்பார். கேட்பவர் முகம் சுளித்தாலும் கதை சொல்வார். அது அவருக்கு மருந்து.

அவ்வாண்டு டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் வடபடையினர் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். நாடே ஜனாதிபதியைத் தூற்றியது. அவ்வேளையில், தமக்கு அறிமுகமான மெக்கல்லோ என்பவர் போரில் இறந்துவிட்டதையும், அவருடைய மகள் ஃபேனி உண்ணாமல் உறங்காமல் அறைக்குள் அடைந்து கிடப்பதையும் கேள்விப்பட்டார். டிசம்பர் 23ஆம் நாள் தம் கைப்பட அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். அழாதே என்று அதில் இல்லை. இளையோருக்குத் துயரம் எதிர்பாராமல் வருவதால் அதிகம் கசக்கிறது, காலம்தான் ஆற்றும், இனி ஒருநாளும் தேறமாட்டோம் என்று இப்போது உனக்குத் தோன்றும், ஆனால் அது தவறு, நீ மீண்டும் மகிழ்வாய், இதை அனுபவத்தால் அறிந்தே சொல்கிறேன் என்ற பொருளில் எழுதினார். அப்படி எழுதுவதற்கு அந்த நாட்டில் அவரைவிடத் தகுதியுடையவர் யார்?

ஒன்பது நாள் கழித்து, 1863 ஜனவரி முதல் நாள் வந்தது. புத்தாண்டு வாழ்த்துக்கு வந்தவர்களோடு மணிக்கணக்கில் கைகுலுக்கியதால் நடுங்கிய கரத்தைச் சற்று ஓய்த்துவிட்டு, எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலப் பகுதிகளிலுள்ள அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கொடிய ஜனவரி முதல் நாளுக்குப்பின் சரியாக இருபத்திரண்டு ஆண்டுகள்! 1865 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் சுடப்பட்டதும் மறுநாள் காலை உயிர் நீத்ததும் நாம் அனைவரும் படித்ததே.

பிரகடனத்துக்குப் பின் ஸ்பீட் அவரைச் சந்தித்தபோது, 1841இல் அவரிடம் தாம் சொன்னதை லிங்கன் மறவாமல் நினைவூட்டினார். அன்று கொண்ட ஆசை இப்போது நிறைவேறும் என்று நம்புவதாகத் தம் பழைய அறைத்தோழரிடம் கூறினார்.