ஜி.டி. நாயுடுவும் என் மோட்டாரும்

மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிரஷ்லெஸ் டி.சி. மோட்டாருக்குக் கணித மாதிரி எழுதுவது என் தொழில். அதைச் சொல்வதற்கு முன்னால், நாலு வருஷ இன்ஜினீயரிங் படிப்பே காலவிரயம் என்று நினைத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் அந்த நாலு வருஷத்தைப் படித்தவர்கள்தானே!

ஜி.டி. நாயுடு 1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதைப் போல ஒன்றை வாங்கினார். வாங்கியதும் செய்த வேலை, அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டியதுதான். 1920-ல் பொள்ளாச்சி - பழனிக்கு ஒரே ஒரு பஸ் விட்டார். அதுதான் யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து செய்த மின்மோட்டார், இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டார் என்று பெயர் வாங்கியது. டிரை செல்லில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ரேசண்ட் ஷேவிங் ரேசரும் அவருடையதே.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். படிப்புக் காலத்தைச் சுருக்கலாம் என்றார், அரசு கேட்கவில்லை, விலகிவிட்டார். 1974-ல் காலமானார்.

மாணவனாக இருந்தபோது இதை வீம்பு என்றுதான் நினைத்தேன்.

பிறகு, அடையாறில் என் மேஜைக்கு ஒரு சீலிங் ஃபேன் மோட்டார் வந்தது. மூன்று ஃபேஸ், மூன்று சமன்பாடு. கொடுக்கும் வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸுக்கும் இண்டக்டன்ஸுக்கும் பேக் ஈ.எம்.எஃப்.புக்கும் பங்காகிறது. புத்தகத்தில் உள்ளபடி அந்த பேக் ஈ.எம்.எஃப். 120 டிகிரிக்குத் தட்டையான உச்சி கொண்ட ட்ரெபிசாய்டு என்று வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் டார்க் நேர்கோடாக வந்தது. நிஜ ஃபேனோ உறுமியது. ரெண்டு வாரம் சமன்பாட்டையே நோண்டினேன். கடைசியில் மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றி ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால், உச்சி தட்டையாகவே இல்லை, கிட்டத்தட்ட சைன் அலை! பிரித்தேன். காந்தங்களின் ஓரம் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது. அளந்த அலையை மாதிரிக்குள் போட்டதும் அதுவும் டார்க்கில் ஏறி இறங்கியது. நாயுடுவாக இருந்தால் முதல் நாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார்.

ஆனால், கரண்ட்டை எந்த வடிவத்தில் கொடுத்தால் உறுமல் அடங்கும் என்று பிரித்த மோட்டார் சொல்லவில்லை, சமன்பாடுதான் சொன்னது. அதனால் அவர் கட்சியில் பாதிதான் நான். மறுப்பவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பிடிக்கலாம்.