கூண்டுக் குருவியும் ஹால்டேன் டாக்டரும்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? வெந்நீர் அடுப்பு வீட்டுக்குள் இருக்காது. பின்கட்டில், கிணற்றடி ஓரமாக, மேலே திறந்த இடத்தில் இருக்கும். பனை மட்டையும் தென்னை மட்டையும் அதில் எரியும். அடுப்பாங்கரையில் கூட, புகை வெளியேறுவதற்காகக் கூரையில் ஒரு வழி விட்டிருப்பார்கள். கண் எரிகிறதே என்று செய்த ஏற்பாடுதான். ஆனால், அது எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது பல வீடுகளில் குளியலறைச் சுவரிலேயே, 'காஸ் கீசர்' தொங்குகிறது. குழாயைத் திறந்தால் குப்பென்று பற்றிக் கொள்கிறது; சுடச்சுடத் தண்ணீர் வருகிறது. மார்கழிக் குளிருக்குக் கதவைச் சாத்தி, கொசு வருகிறதென்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்து விட்டுக் குளிக்கிறோம். நெருப்பும் நாமும் ஒரே சின்ன அறைக்குள்! காஸ் எரிந்தால் கண் எரிவதில்லை, கரியும் படிவதில்லை. அதனால் புகையே இல்லை என்று நினைத்துக் கொள்கிறோம். புகை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இந்தத் தெரியாத புகையைத் தேடியே பாதி ஆயுளைச் செலவழித்தவர், ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில், 1860ம் ஆண்டு மே மாதம் பிறந்தார். வசதியான குடும்பம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1884ல் டாக்டர் ஆனார். ஆனால், நாடி பிடித்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டராக அவர் இருக்கவில்லை. நோயாளியைச் சோதிப்பதற்குப் பதில், மனிதர்கள் சுவாசிக்கிற காற்றைச் சோதிக்கக் கிளம்பி விட்டார்!

டண்டி என்ற ஊரில் வேலை கிடைத்தது. சணல் ஆலைகள் நிறைந்த ஊர் அது. தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஹால்டேனும் அவருடைய கூட்டாளிகளும் நள்ளிரவுக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல், அந்த வீடுகளின் கதவைத் தட்டுவர். கையில் கண்ணாடிப் பாட்டில்கள். தூங்கிக் கொண்டிருப்பவர்களைச் சுற்றியுள்ள காற்றைப் பாட்டிலில் பிடித்து மூடிக் கொண்டு திரும்பி விடுவர். பகலில் போனால் கதவும் ஜன்னலும் திறந்திருக்கும். உண்மை தெரியாது அல்லவா? பள்ளிக்கூட வகுப்பறைக் காற்றையும் இப்படியே சோதித்தனர். அதற்குப் பிறகு, லண்டன் பார்லிமென்ட் கட்டடத்துக்குக் கீழே ஓடுகிற சாக்கடையிலும் இறங்கி, அங்குள்ள காற்றைப் பிடித்து வந்தார் ஹால்டேன்.

கடந்த 1887ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. பழக்கம் என்று சொல்வது வேடிக்கைக்கு அல்ல. ஏன் என்று பிறகு புரியும்.

விறகோ, கரியோ, காஸோ எதுவானாலும் நன்றாக எரிய ஆக்சிஜன் வேண்டும். தாராளமாகக் கிடைத்தால், அது எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிவிடும். அறை அடைந்து கிடந்து, ஆக்சிஜன் குறைந்தால், அரைகுறையாக எரியும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது. சமையல் காஸ் கசிந்தால் நாறுகிறதே, அது நம்மை எச்சரிப்பதற்காக கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே சேர்க்கிற வாடை. காஸ் எரிந்து போகும்போது அந்த வாடையும் போய்விடும்.

இது உடம்புக்குள் என்ன செய்கிறது? நெல்லை ஜங்ஷனில் இருந்து பாபநாசம் போகிற பஸ்சை நினைத்துக் கொள்ளுங்கள். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் அந்த பஸ். நுரையீரல் ஸ்டாண்டில் ஆக்சிஜன் பயணிகள் ஏறி, மூளை, இதயம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக இறங்குவர். நடுவில் கார்பன் மோனாக்சைடு ஏறிவிட்டால், எந்த நிறுத்தத்திலும் லேசில் இறங்காது. சீட்டைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விடும். ஆக்சிஜனை விட, 200 மடங்குக்கும் மேல் கெட்டியாக அது ஹீமோகுளோபினோடு ஒட்டிக் கொள்கிறது. பஸ் ஓடுகிறது, ஆனால், ஆக்சிஜனுக்கு இடமில்லை. நன்றாக மூச்சு விட்டுக் கொண்டே மூச்சு முட்டிப் போகிறது!

இதை ஹால்டேன் எப்படி ஆராய்ந்தார் தெரியுமா? தன் உடம்பிலேயே! அளந்து கலந்த கார்பன் மோனாக்சைடு காற்றைத் தானே சுவாசித்தார். இத்தனை நிமிடத்தில் தலைவலி, இத்தனை நிமிடத்தில் கண் மங்கல், இப்போது நடக்க முடியவில்லை என்று குறித்துக் கொண்டே போனார். இடையிடையே ஒரு துளி ரத்தம் எடுத்து, அதன் நிறத்தைச் சாயக் கரைசலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இந்த வாயு கலந்த ரத்தம், பளிச்சென்று சிவப்பாக மாறும். ஒரு சோதனையில், அவருடைய ரத்தத்தில் பாதிக்கும் மேல் அந்த வாயுவே நிறைந்து விட்டது. அப்போதுதான் நிறுத்தினார். இந்தச் சோதனைகளின் முடிவுகள் 1895ல் வெளியாயின. (நீங்கள் யாரும் இந்த மாதிரி விளையாட்டில் இறங்கி விடாதீர்கள். அவர் எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்த டாக்டர். அவருக்கே அது ஆபத்தான வேலைதான்.)

அடுத்த ஆண்டே அந்த அறிவுக்கு வேலை வந்தது. 1896 ஜனவரி 27ம் தேதி, வேல்ஸ் பகுதியில் டைலர்ஸ்டவுன் என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 தொழிலாளர்கள் இறந்தனர். வெடிதான் கொன்றது என்று எல்லாரும் நினைத்தனர். ஹால்டேன் அங்கே போய், உடல்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். பலருக்குப் பெரிய காயம் இல்லை. தோலில் இளஞ்சிவப்பு நிறம். அவருக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும்! வெடிக்குப் பிறகு சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் பெரும்பாலோரைக் கொன்றது என்று கண்டுபிடித்தார். வெடியில் பிழைத்து, வெளியே வருகிற வழியில் விழுந்தவர்களும் இருந்தனர் என்பதுதான் மனதைப் பிசைகிற விஷயம்.

அந்தச் சுரங்கக் காற்று அவரையும் விடவில்லை. மேலே வந்ததும், நலமாக இருக்கிறேன் என்று மனைவிக்குத் தந்தி கொடுத்தாராம். கொடுத்ததை மறந்து விட்டு மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று என்று அனுப்பிக் கொண்டே இருந்தாராம்! படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால், இந்த வாயு முதலில் குழப்புவது மூளையைத்தான். தனக்கு ஆபத்து என்பதையே புரிந்து கொள்ள விடாது. காஸ் கீசர் ஓடுகிற குளியலறையில் தலை சுற்றியவர், கதவைத் திறக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்து விடுவது இதனால்தான்.

மனிதனுக்குத் தெரிவதற்கு முன் வேறு யாருக்காவது தெரியுமா என்று யோசித்தார் ஹால்டேன். சின்னஞ்சிறு உயிர்களுக்கு இதயமும் மூச்சும் படு வேகம். அதனால், விஷ வாயு அவற்றை மனிதனை விடப் பல மடங்கு சீக்கிரம் தாக்கும். எலியையோ, கேனரி என்ற சிறிய குருவியையோ சுரங்கத்துக்குள் கொண்டு போகலாம் என்றார். நம்மூர் கூந்தன்குளத்துக்கு வருகிறதே நாரை, அந்த மாதிரிப் பெரிய பறவை அல்ல; சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மஞ்சள் நிறம். எலி சோர்ந்தால் தூங்குகிறதா, மயங்கியதா என்று தெரியாது. குருவியோ, கம்பில் இருந்து பொத்தென்று விழுந்து விடும். உடனே எல்லாரும் வெளியே ஓடலாம். விழுந்த குருவிக்கும் வழி செய்தனர். சின்ன ஆக்சிஜன் குப்பி பொருத்திய கூண்டுகள் வந்தன. குருவியை உள்ளே வைத்து ஆக்சிஜனைத் திறந்தால், அது மறுபடி எழுந்து உட்கார்ந்து விடும்.

ஹால்டேனுக்கு ஒரு மகன். ஜாக் என்று கூப்பிடுவர். சிறுவனாக இருந்தபோதே அவனைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனார் அப்பா. ஓரிடத்தில் மேல் பகுதி முழுவதும் மீத்தேன் வாயு தேங்கியிருந்தது. எழுந்து நின்று, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் நீண்ட வசனம் ஒன்றைச் சொல் என்றார். பையன் சத்தமாக ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. கால் மடங்கித் தரையில் விழுந்தான். விழுந்ததும் மூச்சு சரியாகி விட்டது! மீத்தேன், காற்றை விட லேசானது. மேலே ஏறி நின்று, அங்கிருந்த ஆக்சிஜனின் இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது. தரையில் நல்ல காற்று இருந்தது. இப்படியா ஒரு அப்பா பாடம் நடத்துவார் என்று எனக்குத் தோன்றுகிறது. பையன் மட்டும் அந்தப் பாடத்தைச் சாகும்வரை மறக்கவில்லை.

இந்தப் பாடம் நமக்கும் வேண்டும். இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் இதே மீத்தேன்தான். தமிழகத்தில் சில நகரங்களில் வீடுகளுக்கு இது குழாயில் வரத் தொடங்கி விட்டது. தாமிரபரணி கடலில் கலக்கிற தூத்துக்குடி மாவட்டத்துக்கு, ராமநாதபுரத்தில் இருந்து 143 கி.மீ., நீளக் குழாய், 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குழாய் காஸ் கசிந்தால் மேலே போகும். கூரையை ஒட்டித் திறப்பு வேண்டும். சிலிண்டரில் வருகிற காஸ், காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்குத் தரையை ஒட்டித் திறப்பு வேண்டும். கசிவு வாடை வந்தால், ஸ்விட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும், ஜன்னல் கதவைத் திறந்து விட்டு வெளியே வந்து விட வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கீசர் விஷயத்தில், ஹால்டேன் நம் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்கப் போவது, புகைக்குழாய் எங்கே என்றுதான். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, தண்ணீரை மட்டும் உள்ளே கொண்டு வருவதே நல்லது. கட்டடத்துக்குள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், புகைக்குழாயோடு கூடிய கீசராக வாங்க வேண்டும். அந்தக் குழாய் நேராக மேலே எழும்பி, பிறகு திறந்த வெளிக்குப் போக வேண்டும். மொட்டை மாடிக் கதவருகிலோ, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழேயோ முடியக் கூடாது. குளவி கூடு கட்டியிருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்று ஆண்டுதோறும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நல்ல காற்று உள்ளே வரக் கீழே ஒரு திறப்பும் அவசியம். அடைத்த அறையில் எக்சாஸ்ட் பேனைப் போட்டு விட்டால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். அது வெளியே போகிற புகையைக் குழாய் வழியாகத் திரும்ப உள்ளே இழுத்து விடலாம்! சுடர் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக மாறினால் உடனே அணைத்து விட்டு, அப்பாவிடம் சொல்லுங்கள். குளிப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால், கீசரை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, 108க்கு போன் செய்ய வேண்டும். உதவப் போகிறவரும் உள்ளே நிற்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு, மூடிய அறையில் கரி மூட்டிக் கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தித்தாளில் வருகிறதே, அதற்கும் காரணம் இதே வாயுதான்.

சரி, ஹால்டேன் கதைக்கு வருவோம். கார்பன் மோனாக்சைடு தாக்கிய எலியை, அழுத்தம் கூட்டிய ஆக்சிஜனில் வைத்துப் பிழைக்கச் செய்தார் அவர். இன்று பெரிய மருத்துவமனைகளில் இந்த விஷத்துக்கு அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கின்றனர். அதற்கு ஆரம்பம் அந்த எலிதான். ஆழ்கடலில் மூழ்குவோர் எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்று, ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908ல் அட்டவணை தந்தார். 1911ல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஏறி, உயரத்தில் மூச்சு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். முதல் உலகப் போரில், 1915ல், ஜெர்மானியர் விஷ வாயுவை ஏவியபோது, போர்முனைக்கே போய் அது குளோரின் என்று உறுதி செய்தார். எண்ணெய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வெப்பத்தால் வரும் நோயை ஆராய, எழுபது வயதுக்கு மேல் பாரசீகம் வரை போய் வந்தார். அந்தப் பயணம் முடிந்த கொஞ்ச நாளில், 1936 மார்ச்சில், ஆக்ஸ்போர்டில் காலமானார்.

அவருடைய குருவிகள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் வேலை பார்த்தன. 1986 டிசம்பரில்தான், குருவிகளுக்குப் பதில் மின்னணுக் கருவிகள் வரும் என்று பிரிட்டனில் அறிவித்தனர். வீட்டுச் சுவரில் மாட்டுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. அதுவும் ஒரு கேனரிதான், கம்பில் இருந்து விழுவதற்குப் பதில் கத்துகிறது.

அந்தச் சுரங்கத்தில் வசனம் சொல்லி விழுந்த ஜாக் என்ன ஆனான்? அவர்தான் புகழ்பெற்ற மரபியல் விஞ்ஞானி ஜே.பி.எஸ்.ஹால்டேன். 1957ல் இந்தியாவுக்கே வந்து விட்டார். கோல்கட்டாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். நம் ஊர் உடைக்கு மாறி, இந்தியக் குடிமகனும் ஆனார். 1964 டிசம்பர் 1ம் தேதி புவனேஸ்வரில் இறந்தார். அவர் விரும்பியபடி, மாணவர்கள் படிப்பதற்காக அவர் உடல், ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.