இராஜாபாய் கோபுரம் எடுத்த வணிகர்

மும்பை மாநகரில் ஓவல் மைதானம் எனப்படும் பரந்த வெளியின் கீழ்பால், பல்கலைக்கழக நூல்நிலையத்தின்மேல் ஏறத்தாழ 280 அடி உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டுக்கு இராஜாபாய் கோபுரம் என்பது பெயர். அப்பெயரை நாடோறும் மொழிவார் பலர். அவ்வம்மையார் யாவர் என வினவுவார் சிலரே. பெயரின் முற்பாதி நோக்கி அவரை அரசியெனக் கருதுவாரும் உளர். அவர் அரசியல்லர்; ஒரு வணிகரின் தாயார். பொருளைத் தாம் கொடுத்து, பெயரைத் தாயார்க்கு உரிமையாக்கிய அவ்வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் என்பவர். அவர் வரலாறு அறம் செய்வோரும் அறப்பொருள் காப்போரும் அறிதற்பாலதாகலின் ஈண்டுச் சுருங்க உரைக்கின்றாம்.

பிரேம்சந்த் 1831ஆம் ஆண்டில் சூரத்து நகரில் சமணக் குடும்பமொன்றில் தோன்றினார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த். குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தபின், அவர் ஆங்கிலம் பயின்று, பஞ்சிலும் பங்கிலும் தரகு செய்யும் தொழிலிற் புகுந்தார். ஆங்கிலம் எழுதவும் பேசவும் வல்ல தரகர் அந்நாளில் அரியர். ஆகலின் இளமையிலேயே தொழிலில் முன்னின்றார்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்கள் அடைபட, இலங்காசயர் ஆலைகள் பஞ்சின்றி வாடி, இந்தியப் பஞ்சை நாடின. பம்பாயிற் பொருள் வெள்ளமெனப் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கென்றே குழுமங்கள் தோன்றின. அவற்றின் பங்குச் சீட்டுகள் இட்ட விலையினும் பன்மடங்கு ஏறின. நகரம் முழுவதும் அச்சீட்டுகளையே பேசிற்று. அவ்வேட்டத்தின் நடுவில் நின்றவர் பிரேம்சந்த். பம்பாய் வங்கியின் கடன்களும் பெரிதும் அவர் சொல்வழியே சென்றன. அவரைப் புகழ்வார் இப்பகுதியை மெல்லக் கடந்து செல்வர். யாம் அங்ஙனஞ் செய்யக் கருதிலம். ஏறிய விலையில் மயங்கினாருள் அவரும் ஒருவர், மயக்கினாருள்ளும் அவர் ஒருவர்.

அவ்வேற்றத்தின் உச்சியிலேதான், 1864ஆம் ஆண்டில், அவர் கொடை நிகழ்ந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டதாயினும் தனக்கெனத் தகுந்த கட்டடம் இன்றி இருந்தது. பிரேம்சந்த் நூல்நிலையம் அமைத்தற்கு இரண்டு இலட்சம் ரூபாயும், அதன்கண் மணிக்கூண்டு ஒன்று எழுப்புதற்கு மற்றும் இரண்டு இலட்சமும் அளித்தார். கோபுரம் தம் தாயார் இராஜாபாய் பெயரால் வழங்கவேண்டும் என்பது அவர் விழைவு.

அவ்வம்மையார் கண்ணொளி இழந்தவர் என்றும், பொழுது சாயுமுன் உண்ணும் சமண நோன்பைப் பிறர் துணையின்றிக் காத்தற்கு மணியோசை உதவுமென்றே மகனார் இதனை எடுப்பித்தார் என்றும் மும்பையிற் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. இரவுண்ணாமை சமணர்க்கு உரிய நோன்பே. ஆயினும் கொடைக்கும் மணியொலிக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன என்பதையும் கேட்போர் உளங்கொள்க.

அப்பதினான்கு ஆண்டுகளிலேதான் எல்லாம் மாறின. 1865இல் அமெரிக்கப் போர் முடிந்தது, பஞ்சு விலை வீழ்ந்தது, சீட்டுகள் வெறுந்தாளாயின. பெருஞ்செல்வர் பலர் ஓராண்டில் வறியராயினர். பம்பாய் வங்கியும் நிலைகுலைந்து மூடப்பட, அதன் வீழ்ச்சியை ஆராய அரசினர் குழு அமைத்தனர். பிரேம்சந்தின் செல்வமும் கரைந்தது. நேற்றுவரை அவர் வாயிலிற் காத்து நின்றோர் அவரைப் பழித்தனர்.

ஆனாற் பல்கலைக்கழகத்திற்கு ஈந்த பொருள் அவர் பொருளாக இருந்திலது. கொடுப்பேம் என்று ஏட்டில் எழுதிய பொருள் வேறு. கொடுத்துக் கைகழுவிய பொருள் வேறு. மடங்களின் அறநிலைப் பொருளை ஆள்வோர்க்கு இவ்வேற்றுமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதின்று. 1869 மார்ச்சு 1ஆம் நாள் கோபுரத்திற்குக் கால்கொண்டபோது, கொடுத்தவர் செல்வமிழந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாயிருந்தன. 1878 நவம்பரில் அது நிறைவெய்தியது. வரைவு செய்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். இந்தியாவைக் கண்டிராமலே அங்கிருந்து வரைந்து விடுத்தார். மேனிலையில் மேற்கிந்தியக் குலத்தாரைக் காட்டும் கற்படிமங்கள் 24 உள்ளன. அவற்றிற் கைவண்ணம் காட்டியவர் இராவ்பகதூர் முகுந்த் ராமச்சந்திரர். 2018இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைக்குரியதெனத் தேர்ந்த மும்பைக் கட்டடத் தொகுதியில் இக்கோபுரமும் ஒன்று.

இனி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் அவர் கொடை இரண்டு இலட்சம் 1866இற் சேர்ந்தது. அங்குக் கட்டடம் எழவில்லை. அவர் பெயரால் ஆராய்ச்சிப் பரிசில் ஒன்று நிறுவப்பட்டது. அதனைப் பெற்றோர் தம் பெயர்க்குப்பின் பி.ஆர்.எஸ். என மூன்றெழுத்துப் பொறித்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதினர். வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் அவருள் ஒருவர்.

பிரேம்சந்த் மீண்டும் தரகுத் தொழிலையே மேற்கொண்டு, வீழ்ச்சிக்குப்பின் நாற்பதாண்டு வாழ்ந்தார். பழைய பெருஞ்செல்வம் திரும்பிற்றில்லை. தாயார் பெயர் தாங்கிய கோபுரத்தை அந்நகரிலேயே கண்டிருந்து, 1906இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவ்வாண்டிலேயே, இளமையில் அவர் பரிசிலைப் பெற்ற அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்தார்.