தளபதி மீட்: வெற்றிக்குப் பின் வந்த சோதனை

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலப் படையைக் கெட்டிஸ்பர்க்கில் முறியடித்தவர் தளபதி ஜார்ஜ் கார்டன் மீட் ஆவார். 1815ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரில் பிறந்த இவர், வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று, கலங்கரை விளக்கங்கள் அமைக்கும் பொறியாளராகவும் விளங்கினார்.

1863 ஜூன் 28இல் படைத்தலைமை ஏற்ற மீட், ஜூலை 1 முதல் 3 வரை நடந்த பெரும்போரில் வென்றார். மறுநாள் கொட்டும் மழையில் தளபதி லீயின் படை பின்வாங்கத் தொடங்கியது. பொட்டோமாக் ஆற்றில் வெள்ளம். மிதவைப் பாலமும் அழிக்கப்பட்டிருந்தது. லீ வில்லியம்ஸ்போர்ட் கரையில் சிக்கினார்.

ஆயினும் மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என மீட்டின் படையும் ஏறத்தாழ 23,000 பேரை இழந்திருந்தது. சேற்றுவழியில் அது மெல்லவே பின்தொடர்ந்தது. ஜூலை 12 இரவு மீட் துணைத் தளபதிகளைக் கலந்தார். பெரும்பாலோர் தாக்குதலை விரும்பவில்லை. 14ஆம் நாள் முன்னேறியபோது, பகைவரில் பெரும்பகுதியினர் ஆற்றைக் கடந்துவிட்டிருந்தனர்!

மனம் வருந்திய லிங்கன் மீட்டுக்குக் கடிதம் எழுதினார், ஆனால் அனுப்பவில்லை. மீட் பதவி விலக முன்வந்தார். அரசு அதை ஏற்கவில்லை. போர் 1865 வரை நீண்டது. தென்மாநில அடிமைகள் பல இலட்சம் பேர் அதுவரை விடுதலைக்குக் காத்திருந்தனர். இறுதிவரை கடமையாற்றிய மீட், 1872இல் பிலடெல்பியாவில் மறைந்தார்.

களைத்த படையை நடத்தியவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும், பள்ளியிறுதித் தேர்வில் தேறியதோடு நின்றுவிடும் நம் இளைஞர்களுக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது: முதல் வெற்றியோடு நாம் ஓய்ந்தால், நம்மை நம்பிக் காத்திருப்போரின் விடுதலையும் தள்ளிப்போகும்.